நாளுக்கு 480 கிராம்

ஹரோ, லண்டன்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு, காலை 7.40
கோழிகள்: 5. முட்டைகள்: 0.

அன்புள்ள ரூபினிக்கு,

நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. நீரும் மாமா மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் ஒளிக்காமல் எழுதும்.

ஏன் திடீரென்று கடிதம் என்று யோசிப்பீர். எங்கள் விசா அலுவல் பார்க்கிற வழக்கறிஞர் குகநாதன் சொன்னார்: "தம்பி, கலியாண எழுத்து முடிஞ்சுது, தாலி இன்னும் கட்டேல்லை. பதினொரு நாள்தான் ஒண்டாய்த் திரிஞ்சிருக்கிறீங்கள். இது உண்மையான கலியாணம் எண்டு காட்ட ஏதும் வேணும். ரெண்டு பேரும் கடிதம் எழுதுங்கோ." வாட்ஸ்அப் போதாதா என்று கேட்டேன். பிறகு யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இரண்டு அம்மாமாரும்தான் கதைக்கிறார்கள். நாங்கள் பின்னால் நிற்கிற அலுமாரிகள். ஆகவே கடிதம். எனக்குக் கவிதை வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நடந்தது: நேற்று ஐந்து பேட்டுக் கோழிகள் வாங்கினேன். ஓகஸ்டில் உமது வேலையைப் பார்க்கக் கிளிநொச்சிப் பண்ணைக்கு வந்தேனே, அங்கே "கோழி வளர்க்க ஒரு உத்தியோகத்தரோ, இதிலை என்ன வித்தை?" என்று கேட்டேன். கையில் ஒரு பேட்டைப் பிடித்தபடி நீர் சொன்னீர்: "உங்கட லண்டன் குளிரிலை ஒரு முட்டை எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்." நீர் மறந்திருப்பீர். நான் மறக்கவில்லை.

வயது பதினேழு வாரம். பெயர் வைக்கவில்லை, காலில் நிற வளையம் போட்டிருக்கிறேன்: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை. அரசாங்கத்தில் பதிந்தாயிற்று. இங்கே ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிய வேண்டும். எங்கள் ஊரில் மாதிரி வீட்டுச் சமையல் மிச்சத்தைப் போடுவதும் சட்டப்படி பிழை. காலையில் அம்மா மிஞ்சின புட்டோடு வெளிக்கிட்டா. மறித்தேன். "கோழிக்குப் புட்டுப் போட்டால் பொலிஸ் பிடிக்குமோடா?" என்றா. ஓம் என்றேன்.

உமது விசா விண்ணப்பத்தை இணையத்தில் முழுதாக நிரப்பி வைத்திருக்கிறேன். கடைசிப் பட்டனை நீர்தான் அமத்த வேண்டும். இந்தக் கிழமைக்குள் அமத்தும்.

ரதீசன்


கிளிநொச்சி
14.10.2025

ரதீசன் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமியின் முழங்காலுக்கு அப்பா ஒரு எண்ணெய் சொல்லுகிறார். பார்சலில் அனுப்பட்டோ என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். விசா அதிகாரி வாசித்தால் நீங்கள் கலியாணம் முடித்தது ஒரு கோழியை என்று முடிவெடுப்பார். என்னைப் பற்றி இரண்டே வரி. ஒன்றில் நான் மறந்திருப்பேன் என்கிறீர்கள், மற்றதில் பட்டனை அமத்து என்கிறீர்கள். நான் ஒன்றையும் மறக்கவில்லை. "இதிலை என்ன வித்தை" என்று கேட்ட முகமும் நினைவில் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நான் ஏழரைக்கு மோட்டார்சைக்கிளில் ஏறினால் முப்பத்தெட்டு வீடுகளில் எனக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாட்டுக்குக் காய்ச்சல், கோழிக்குச் சளி, "பிள்ளை, இதை ஒருக்காப் பாரும்." அங்கே வந்தால் காலையில் எழும்பி நான் எங்கே போவது?

விண்ணப்பம் இருக்கிறது. கந்தசஷ்டி விரதம் முடியட்டும்.

கோழிகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சிவரூபினி


ஹரோ
2 நவம்பர் 2025, ஞாயிறு, பின்னேரம் 4.35. வெளியே இருட்டுகிறது.
கோழிகள்: 5. முட்டைகள்: 0.

அன்புள்ள ரூபினிக்கு,

சுகம். எண்ணெயை அனுப்பட்டும் என்று அம்மா சொன்னா. நீங்கள் எல்லோரும் சுகமாக இருங்கள்.

கந்தசஷ்டி 27ஆம் திகதி முடிந்தது. பட்டன்?

இருபது இருபத்தொரு வாரம் வந்தாலே முட்டை வர வேண்டும் என்று விற்றவன் சொன்னான். குளிர்தான் காரணம். குளிர் என்னிடம் வந்து மாட்டியிருக்கிறது. என் வேலை என்ன? வீடுகளில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்கிறது. போன கிழமை கூட்டுக்குள் புகைக்குச்சி பிடித்துப் பார்த்தேன். பதினான்கு இடத்தில் கசிவு. கூட்டையும் அவன்தான் விற்றான், கூரைக்குக் கீழே வேண்டுமென்றே இரண்டு நீளத் துவாரம் விட்டிருக்கிறான், முட்டாள். எல்லாவற்றையும் ஃபோம் அடித்து மூடினேன். சுவருக்கு ஐம்பது மில்லிமீற்றர் காப்புப் பலகை. உள்ளே ஒரு சிறிய ஹீற்றர். வெளியே 3 பாகை, உள்ளே 14. இனிப் புகை அசையவே இல்லை. ஹரோவில் இதைவிட இறுக்கமான வீடு கிடையாது, நாங்கள் இருக்கிறதும் சேர்த்து.

தீவனம் நாளுக்கு 600 கிராம், தலைக்கு 120. நரி ஒன்று ஒவ்வொரு நாளும் வந்து வலையை மணந்துவிட்டுப் போகிறது.

காலையில் எங்கே போவது என்று கேட்டீர். இங்கே மெட்ரோபொலிற்றன் லைன் இருக்கிறது, எங்கேயும் போகலாம்.

ரதீசன்


கிளிநொச்சி
18.11.2025

அன்புள்ள ரதீசனுக்கு,

மழை பிடித்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் தடிமனும் மூக்கடைப்பும், இப்போது சுகம். உங்கள் சுகத்தையும் மாமியின் சுகத்தையும் எழுதுங்கள்.

கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். அந்தத் துவாரங்களைத் திறவுங்கள். விற்றவர் முட்டாள் இல்லை. ஐந்து கோழியும் ஒரு இரவில் மூச்சிலும் எச்சத்திலும் விடுகிற ஈரம் ஒரு பெரிய செம்பை நிரப்பும். உங்கள் இறுக்கமான வீட்டில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எச்சத்திலிருந்து வருகிற அமோனியா எங்கே போகும்? உடம்பு முழுக்க இறகு உள்ள பிராணிக்குக் குளிர் பெரிய விஷயமில்லை. ஈரம்தான் நெஞ்சைப் பிடிக்கும். காற்று அவற்றின் மேலே படாமல், தலைக்கு மேலால் போகவேண்டும். ஹீற்றரைக் கழற்றுங்கள்.

முட்டை வராததற்குக் காரணம் வெளிச்சம். இங்கே வருசம் முழுக்கக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலம் பகல். அதனால் எங்கள் ஆட்களுக்கு இது தெரியவே வராது. நானும் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையில் கேட்டதுதான். பதினான்கு மணித்தியாலம் வெளிச்சம் வேண்டும். ஒரு சின்ன மின்குமிழும் டைமரும் போதும். காலைப் பக்கம் கூட்டுங்கள். பின்னேரம் திடீரென்று அணைத்தால் ஏறிப் படுக்க வழி தெரியாமல் நிற்கும். கிழமைக்கு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று மெல்லக் கூட்டுங்கள்.

மெட்ரோபொலிற்றன் லைன் என்று எழுதினீர்கள். நான் கேட்டது ரயிலைப் பற்றி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் தரம் கேட்கிறேன். பதில் வருகிறவரைக்கும் விண்ணப்பம் அப்படியே இருக்கும்.

ரூபினி


ஹரோ
7 டிசம்பர் 2025, ஞாயிறு, மத்தியானம் 12.10

அன்புள்ள ரூபினிக்கு,

தடிமன் மாறியது சந்தோஷம். நாங்கள் சுகம்.

கனக்க வேலை, சுருக்கமாக எழுதுகிறேன். ஓட்டை விட்டால் சூடு வெளியே போகும். இது பௌதிகம், விரிவுரை தேவையில்லை. மின்குமிழைப் பற்றி யோசிக்கிறேன். முட்டை இன்னும் இல்லை. சாப்பாட்டில் குறை இல்லை, நாளுக்கு 480 கிராம் தின்கின்றன.

குகநாதன் விண்ணப்பம் எங்கே என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? மற்ற ஆட்களின் மனுசிமார் எழுத்து முடிந்த மறுகிழமையே அமத்துகிறார்கள்.

அம்மா உம்மைக் கேட்டதாகச் சொன்னா.

ரதீசன்


கிளிநொச்சி
24.12.2025

ரதீசன் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம்.

இந்த முறை கடிதத்தின் தலையில் எண்ணிக்கையைக் காணவில்லை. அவசரத்தில் விட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். ஆனால் உங்களால் ஒரு இலக்கத்தை எழுதாமல் இருக்க ஏலாது. 480ஐ 120ஆல் பிரித்தேன். நாலு.

எது செத்தது? எப்போது?

கோழி சாகும். என்னுடைய கையில் எத்தனையோ செத்திருக்கிறது. அதற்கு எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் உங்களோடு ஒரு வீட்டில், ஒருவரையும் தெரியாத ஊரில் இருக்கப் போகிறவள். பிழை நடந்தால் மறைத்துவிட்டு, அதே கடிதத்தில் எனக்கு பௌதிகம் சொல்லுகிற ஆளோடு எப்படி இருப்பது?

விண்ணப்பத்தை நான் அமத்தப் போவதில்லை. இதை அம்மாமாருக்கு இன்னும் சொல்லவில்லை. குகநாதன் கேட்டால் அவருக்கு இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

சிவரூபினி


ஹரோ
10 ஜனவரி 2026, சனி, காலை 9.20
கோழிகள்: 4. முட்டைகள்: 0.

அன்புள்ள ரூபினிக்கு,

உடம்புக்குச் சுகம். மனதைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை.

மஞ்சள். டிசம்பர் 4, வியாழன், காலை 7 மணிக்கு முன். உம்முடைய கடிதம் டிசம்பர் முதலாம் திகதியே வந்துவிட்டது. துவாரத்தைத் திற என்று வாசித்தேன். மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன். எனக்கு மூன்று நாள் இருந்தது. ஒரு கத்தியும் ஐந்து நிமிடமும்தான் தேவை. செய்யவில்லை. இரண்டு நாளாக மஞ்சள் வாயைத் திறந்து இரைத்தது. ஹீற்றரை இன்னும் கூட்டினேன். வியாழன் காலை கதவைத் திறந்தபோது சுவரால் தண்ணீர் வழிந்தது, கண் எரிந்தது. அது ஏறிப் படுக்கிற மரக்குற்றிக்குக் கீழே கிடந்தது. சிவப்பின் கொண்டை நுனியும் கறுத்திருந்தது.

அதற்குப் பிறகும் மூன்றாம் நாள் உமக்கு பௌதிகம் எழுதினேன். ஏன் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். நீர் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டால் நீர் கேட்ட மற்றக் கேள்விக்கும் பதில் எழுதவேண்டி வரும். காலையில் எழும்பி எங்கே போவது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. எனக்குத் தெரியாது, ரூபினி. நான் அதை யோசிக்கவே இல்லை. நீர் வந்தால் சரி என்று மட்டும் யோசித்தேன்.

நேற்று உமது கடிதம் வந்தது. பின்னேரமே ஃபோம் முழுவதையும் வெட்டி எடுத்தேன். ஹீற்றர் வெளியே. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் துவாரம், நரி நுழையாமல் கம்பிவலை. மரச்சீவல் புதிதாகப் போட்டேன். இன்று மின்குமிழ் வாங்கப் போகிறேன்.

அம்மாமாருக்கு நீர் சொல்ல விரும்பினால் சொல்லும். பிழை என்னுடையது என்றே சொல்லும். பட்டனைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன்.

உமது சுகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

ரதீசன்


ஹரோ
8 பெப்ரவரி 2026, ஞாயிறு, காலை 8.05
கோழிகள்: 4. முட்டைகள்: 1!

அன்புள்ள ரூபினிக்கு,

உம்மிடமிருந்து பதில் இல்லை. தபால் பிந்தியதா நீர் பிந்தினீரா என்று கேட்கவில்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருந்தால் சரி. இதை எழுதாமல் இருக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

பெப்ரவரி 6, வெள்ளி, பகல் 11.52. நீலம். 47 கிராம். மண்ணிறம், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.

வீட்டிலிருந்து வேலை செய்த நாள். பதினைந்து பேர் இருக்கிற கூட்டத்தில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். பின்வளவில் ஒரு கொக்கரிப்பு. எழும்பி ஓடினேன். மைக்கை மூட மறந்துவிட்டேன். "அம்மா! போட்டிட்டுது! போட்டிட்டுது!" என்று நான் கத்தினது பதினைந்து பேருக்கும் கேட்டிருக்கிறது. என் மேலதிகாரி பிறகு தனியாக ஃபோன் எடுத்து, உனக்குப் பிள்ளை பிறந்திருக்கா என்று கேட்டார்.

அம்மா ஓடிவந்தா. முழங்கால் நோ எங்கே போனதோ தெரியாது. முட்டையை இரண்டு கையாலும் வாங்கினா. பிறகு முகம் மாறியது. "ஐயோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையடா. குசினிக்குள்ளை கொண்டராதை." லண்டனில் பிறந்த முதல் முட்டை எங்கள் காரின் முன் இருக்கையில் ஒரு இரவு படுத்தது. சனிக்கிழமை காலை பொரித்தா. பாதி எனக்கு, பாதி தனக்கு. "அவளுக்கு ஒரு துண்டு குடுக்கேலாமல் போச்சே" என்றா. உம்மைத்தான்.

முழுக்கவும் உமது கணக்குத்தான். இப்போது காலை ஐந்தரைக்கே மின்குமிழ் எரிகிறது, பதினான்கு மணித்தியாலம் வரும்வரை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகிறேன். நேற்று வெளியே பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை, ஹீற்றர் இல்லை, சுவர் காய்ந்து கிடக்கிறது, ஒருவருக்கும் சளி இல்லை.

இன்னொன்று. போன மாதம் சிவப்பின் கொண்டையை ஆருக்காவது காட்டவேண்டும் என்று கிழக்கு லண்டனில் ஒரு நகரப் பண்ணைக்குப் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆடும் கோழியும் காட்டுகிற இடம். கோழிப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறவ எங்கட ஆள், ஊர் பாசையூர், பெயர் கிளறிற்றா. ஃபோம் அடித்த கதையைச் சொல்லி, உமது நவம்பர் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தா.

"இதை எழுதினது ஆர்?"

"என்ர மனுசி. கால்நடை உத்தியோகத்தர்."

"எனக்கு ஒரு ஆள் தேவைப்படுது. அவ எப்ப வாறா?"

"தெரியாது. வாறாவோ எண்டும் தெரியாது."

"உம்மட ஃபோமையும் கொண்டு அவவிட்டைப் போய் மன்னிப்புக் கேளும்," என்றா.

அவவின் மின்னஞ்சலும் வேலை விண்ணப்பமும் இத்தோடு இருக்கின்றன. நான் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை. உமது பட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிற அலுவலகத்தின் விபரமும் இருக்கிறது. அதையும் தொடவில்லை. நீர் வராவிட்டாலும் இதை எழுதியே இருப்பேன், கிளறிற்றா கேட்டது உம்மை, என்னை இல்லை.

ரூபினி, வாரும் என்று எழுதவில்லை. வர விருப்பமா என்று கேட்கிறேன். முந்தி ஒருதரமும் கேட்கவில்லை.

ரதீசன்


கிளிநொச்சி
24 பெப்ரவரி 2026, செவ்வாய், பின்னேரம் 4.10
அமத்திய பட்டன்கள்: 1.

அன்புள்ள ரதீசனுக்கு,

நான் சுகம். நல்ல சுகம். மாமியின் முழங்காலுக்கு முட்டைதான் மருந்து என்று அப்பாவுக்குச் சொன்னேன், அவருக்குக் கோபம்.

ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டது நான்தான், தபால் இல்லை. "தெரியாது" என்று எழுதியிருந்தீர்கள். உண்மையாகவா, குகநாதன் சொல்லித் தந்தாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இந்தக் கடிதம் வந்தது. கிளறிற்றா அக்காவின் விண்ணப்பம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து வெகுநேரம் சிரித்தேன். உங்களைப் போல் ஒரு ஆள் ஒரு படிவத்தை நிரப்பாமல் விட எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டும்!

அந்த விண்ணப்பத்தை முதலில் நிரப்பி அனுப்பினேன். நேற்று அவ வீடியோவில் முக்கால் மணித்தியாலம் கதைத்தா. கேள்வி கேட்டது பாதி, உங்களைப் பகிடி பண்ணினது பாதி. வந்து ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னா. அதற்குப் பிறகுதான் இன்றைக்கு மற்றப் பட்டனை அமத்தினேன். கைரேகை கொடுக்க மார்ச் 5 கொழும்புக்குப் போகிறேன். ஓம், விருப்பம்.

47 கிராம் முதல் முட்டைக்கு நல்ல நிறை. கோணல் போய்விடும். சிப்பித்தூள் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், தீவனத்தோடு கலக்க வேண்டாம். ஏன் என்று கேட்டு எழுதுங்கள், பௌதிகம் சொல்லித் தருகிறேன்.

ரூபினி


ஹரோ
23 ஏப்ரல் 2026, வியாழன், காலை 6.15. நல்ல வெளிச்சம்.
கோழிகள்: 4. முட்டைகள், நேற்று வரை: 171. விசா: 1.

என் அன்புள்ள ரூபினிக்கு,

நாங்கள் சுகம், அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் முட்டை கொண்டு நடக்கிறா. மாமா மாமியைத் தேற்றிக்கொள்ளும். நீர் வெளிக்கிடுகிற கிழமை அவர்களுக்கு நித்திரை வராது.

நீர் செய்தி அனுப்பினபோது குரோய்டனில் ஒரு வீட்டின் கூரைக்குள் தவழ்ந்துகொண்டிருந்தேன். "கிடைச்சிட்டுது" என்று ஒரே சொல். தலை நிமிர்ந்ததில் கூரை வளைமரத்தில் மோதி நெற்றி வெடித்தது. இரண்டு தையல். தாலி கட்டுகிற அன்று படத்தில் தெரியும். நான் ஒளிக்கமாட்டேன்.

குகநாதனிடம் நன்றி சொல்லப் போனேன். எங்கள் கடிதங்களின் பிரதியை மேசையில் வைத்துத் தட்டிச் சிரித்தார். "தம்பி, இருபத்திரண்டு வருசத்திலை எத்தினை கடிதம் பாத்திருப்பன். 'அன்பே', 'ஆருயிரே', நிலா, மழை. இதிலை ஒண்டும் இல்லை, ஒரே கோழி எச்சம். ஆனால் இந்தச் சண்டையை ஒருத்தராலும் பொய்யாய் எழுதேலாது. இது புருசன் பெண்சாதிதான்."

சிப்பித்தூளைத் தனியாக வைத்தேன். 171இல் கோணல் முட்டை மூன்றே மூன்று. ஏன் கலக்கக்கூடாது என்று நீர் நேரில் சொல்லும். இது நான் தபாலில் போடுகிற கடைசிக் கடிதம், நீர் வெளிக்கிடுவதற்கு முன் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

உம்முடைய
ரதீசன்

இனிச் செய்யப் போகிறவை:

1. மே 9, சனிக்கிழமை, காலை 5.15க்கு வீட்டிலிருந்து புறப்படுவேன். விமானம் 7.05க்கு. அம்மாவும் வருவா, மறிக்க ஏலாது.

2. குளிர்க் கோட்டு வாங்கி வைக்கமாட்டேன். ஒன்று இரவல் வாங்கிக் கொண்டுவருவேன். உமக்குப் பிடித்ததை நீரே போய் எடும்.

3. வீட்டுப் பூட்டுக்கு உமது பெயரில் இன்னொரு திறப்பு வெட்டுவேன்.

4. செவ்வாய்க்கிழமை நீர் கிளறிற்றா அக்காவிடம் தனியாகப் போவீர். வழி கேட்டால் சொல்லுவேன். கேளாவிட்டால் வாயைத் திறக்கமாட்டேன்.

5. அன்று பின்னேரம் நீர் வந்து கதைக்கத் தொடங்கினால், முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டேன். இதற்கு இப்போதிருந்தே அம்மாவோடு பயிற்சி எடுக்கிறேன். பெறுபேறு சுமார்.

6. நீர் கூட்டைச் சுற்றிப் பார்த்து "இது பிழை" என்று சொன்னால் ஏன் என்று கேட்பேன். ஆணியைக் கழற்றிக்கொண்டே கேட்பேன்.